எச்-4 விசாவில் இருக்கிறேன், கணவர் அடிக்கிறார்: ஜூனில் ஊருக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறார், போகலாமா?

கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடியதையெல்லாம் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன். கல்யாணமாகி ஆறு வருடம். தமிழ்நாட்டில் பார்த்துக்கொண்டிருந்த வங்கி வேலையை விட்டுவிட்டு, கணவரின் விசாவைச் சார்ந்து தரும் எச்-4 விசாவில் வந்தவர். கணவர் எச்-1பி வேலை விசாவில் மென்பொருள் வேலை, கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 மனு ஒப்புதலாகி வரிசையில் காத்திருக்கிறார். இங்கேயே பிறந்த மகளுக்கு நான்கு வயது. வந்த முதல் வருடமே கணவர் கைநீட்ட ஆரம்பித்துவிட்டார். "கடைக்குப் போய்வந்தால் காரில் மைல் கணக்கைப் பார்ப்பார், ரசீதில் உள்ள நேரத்தோடு சரிபார்ப்பார்" என்று எழுதியிருக்கிறார். பாஸ்போர்ட் கணவரின் ஆபீஸ் பையில் இருக்கிறது. போன அக்டோபரில் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் 911 அவசர எண்ணைக் கூப்பிட, போலீஸ் வந்திருக்கிறது. கணவர் வாசலிலேயே ஆங்கிலத்தில் பேசி முடித்துவிட்டார், இவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு "ஒன்றுமில்லை" என்று தலையாட்டிவிட்டார்.

இப்போது ஜூனில் கொழுந்தன் கல்யாணம். டிக்கெட் போட்டாயிற்று. கணவரின் லேப்டாப் திறந்திருந்தபோது இவர் பார்த்தது: கணவருக்கும் குழந்தைக்கும் திரும்பிவர டிக்கெட் இருக்கிறது, இவருக்கு மட்டும் ஒருவழி. "போலீஸுக்குப் போனால் ஒரே மெயிலில் உன் விசாவை கேன்சல் பண்ணுவேன்" என்கிறார் கணவர். "குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீ முதலில் கிளம்பி வா" என்கிறார் அம்மா. "ஐயாயிரம் டாலர் கொடுங்கள், வாவா (வன்முறைக்கு ஆளான மனைவி தானே போடும் குடியேற்ற மனு) போட்டுவிடலாம்" என்கிறார் தெரிந்த கன்சல்டன்ட் ஒருவர். நான் சிட்டிசன் இல்லை, கணவருக்குச் சம்பளம் அதிகம், எனக்கு யார் இலவசமாக வழக்கு நடத்துவார்கள் என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

நூலகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுதியதாகச் சொல்லியிருக்கிறீர்கள், நல்ல காரியம். பதிலையும் அங்கேயே படியுங்கள், வீட்டு வைஃபையில் வேண்டாம். போனில் தேடியதை அழிப்பதைவிடத் தேடாமலே இருப்பது மேல், திடீரென்று எல்லாம் அழிந்து கிடந்தால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். நான் எழுதுவது பொதுவான விளக்கம்தான். உங்கள் காகிதங்களைக் கையில் வைத்துப் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவர் கண்டிப்பாக வேண்டும், அவரை எப்படிப் பிடிப்பது என்பதைக் கீழே சொல்கிறேன். உங்கள் விஷயத்தில் எதை முதலில் செய்கிறீர்கள், எதைப் பிறகு செய்கிறீர்கள் என்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது.

முதலில் அந்த டிக்கெட்

போகாதீர்கள். ஒருவழி டிக்கெட் தற்செயலாக இருக்கலாம் என்று நினைத்துப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் மனைவியை ஊரில் விட்டுவிட்டு, பாஸ்போர்ட்டோடும் குழந்தையோடும் கணவர் மட்டும் விமானம் ஏறிவரும் வழக்குகளை இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் பார்த்திருக்கிறோம். நீங்கள் இங்கே இருக்கும்வரை கோர்ட், போலீஸ், குடியேற்றத் துறை எல்லாம் நடந்துபோகிற தூரம். அங்கே போய்விட்டால் திரும்பிவர விசா வேண்டும், விசாவுக்குக் கணவரின் வேலைக் காகிதங்கள் வேண்டும். குழந்தையின் வழக்கு கலிஃபோர்னியாவில் நடக்கும், நீங்கள் ஊரில் உட்கார்ந்து போனில் வாதாட வேண்டிவரும். கீழே நான் சொல்கிற யு விசா விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் காலத்திலும் நாட்டைவிட்டு வெளியே போவது பெரிய சிக்கல்.

ஆனால் "வரமாட்டேன்" என்று நேருக்கு நேர் சொல்லிவிடாதீர்கள். மனைவி விலகப் போகிறாள் என்று தெரியவரும் நேரம்தான் இப்படிப்பட்ட வீடுகளில் மிக ஆபத்தானது. பெட்டி அடுக்குவது அடுக்கியபடி இருக்கட்டும், உள்ளுக்குள் ஏற்பாடு நடக்கட்டும். ஒருவேளை எதுவும் முடியாமல் விமான நிலையம் வரைக்கும் போய்விட்டீர்கள் என்றால், பாதுகாப்புச் சோதனையில் நிற்கும் அதிகாரியிடமோ விமான நிறுவனக் கவுன்டரிலோ "எனக்குப் பயமாக இருக்கிறது, நான் போக விரும்பவில்லை, போலீஸைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லலாம். அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே மெயிலில் விசா போய்விடுமா?

போகாது. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா உள்ளே வருவதற்கு. உள்ளே வந்தபின் நீங்கள் எதுவரை தங்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94 பதிவு. அதை எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் உங்கள் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து நீங்களே எடுக்கலாம், இலவசம். இங்கே இருந்தபடியே விசா நீட்டித்திருந்தால் அந்த ஒப்புதல் கடிதத்தின் அடியில் உள்ள புதிய ஐ-94 தேதிதான் கணக்கு. இந்தத் தேதி உங்களுக்கே தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே பாருங்கள். இன்னொன்று, எச்-4 நீட்டிப்புக்கான ஐ-539 படிவம் உங்கள் விண்ணப்பம், அதில் கையெழுத்துப் போடுவது நீங்கள். "நான் போட்டுக் கொடுத்தால்தான்" என்று அவர் சொல்வது முழு உண்மை இல்லை.

எச்-4 உண்மையிலேயே எப்போது முடியும்? ஐ-94 தேதி முடிந்தால், அவருடைய எச்-1பி போனால், அல்லது விவாகரத்துத் தீர்ப்பு இறுதியானால். விவாகரத்துக்கு மனுப் போட்ட அன்று அல்ல, தீர்ப்பு இறுதியாகும் அன்று. அவருக்கு வேலை போனால் பொதுவாக 60 நாள் வரை அவகாசம் உண்டு, அது உங்களுக்கும் பொருந்தும்.

அவருடைய மிரட்டலே உங்களுக்குச் சாட்சியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் 2021 முதல், ஆளை அடக்கி ஒடுக்கி வைக்கும் தொடர் நடத்தையையும் குடும்ப வன்முறை என்றே சட்டம் சொல்கிறது. உறவினரிடமிருந்து பிரித்துவைப்பது, பணத்தையும் நடமாட்டத்தையும் கண்காணிப்பது, குடியேற்ற நிலையைச் சொல்லி மிரட்டுவது எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மைல் கணக்கையும் ரசீதையும் பற்றி நீங்கள் எழுதியது சின்ன விஷயம் இல்லை, நீதிபதியிடம் அதைச் சொல்ல வேண்டும்.

அக்டோபரில் வந்துபோன போலீஸ்

"ஒன்றுமில்லை என்று நானே சொல்லிவிட்டேன், இனி யார் நம்புவார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். அடித்தவர் பக்கத்தில் நிற்கும்போது யாரும் வேறு என்ன சொல்ல முடியும்? இது நீதிமன்றங்களுக்கும் தெரியும். அன்றைக்கு வந்த அழைப்புக்குப் பதிவு இருக்கும். குடும்ப வன்முறையில் பாதிக்கப்பட்டவர் கேட்டால் அந்த அறிக்கையின் நகலைக் கட்டணம் இல்லாமல் தர வேண்டும் என்று கலிஃபோர்னியா சட்டமே சொல்கிறது, சாதாரணமாக 5 வேலைநாளுக்குள். பிறகு போய் நடந்ததைச் சொல்லி வாக்குமூலம் தரவும் முடியும். அப்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், போன் வழியாகத் தருவார்கள். கணவரோ அவருடைய நண்பரோ குழந்தையோ உங்களுக்காகப் பேசக் கூடாது.

இந்த அறிக்கைக்கு இன்னொரு உபயோகமும் இருக்கிறது, வழிகளைப் பார்க்கும்போது சொல்கிறேன்.

போலீஸுக்குப் போக மனம் வராவிட்டாலும் பாதுகாப்பு ஆணை, அதாவது ரெஸ்ட்ரெயினிங் ஆர்டர் கேட்கலாம். அது சிவில் விஷயம், குடும்ப நீதிமன்றத்தில் டிவி-100 படிவத்தில் கேட்பது. கட்டணம் கிடையாது, விசா என்ன என்ற கேள்வியும் கிடையாது. தற்காலிக ஆணை வேண்டும் என்று கேட்டால் அன்றே அல்லது மறுநாள் நீதிபதி முடிவு சொல்வார், மூன்று வாரத்துக்குள் விசாரணை, அதன்பின் தரும் ஆணை 5 வருடம் வரைகூட நிற்கும். அவர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும், குழந்தை உங்களிடம் இருக்க வேண்டும், குழந்தையைக் கலிஃபோர்னியாவுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, செலவுக்குப் பணம் தர வேண்டும் என்பதையெல்லாம் இந்த ஒரே மனுவில் கேட்கலாம். உங்கள் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரச் சொல்லியும் கேளுங்கள். அவர் தரவே இல்லை என்றால் போலீஸ் புகாரோடு இந்தியத் தூதரகத்தில் புதிய பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு.

இதில் உள்ள ஆபத்தையும் மறைக்கக் கூடாது. குடும்ப வன்முறைக் குற்றத்தில் அவருக்குத் தண்டனை ஆனாலோ, பாதுகாப்பு ஆணையை அவர் மீறியதாக நீதிமன்றம் முடிவு செய்தாலோ, அவரையே நாடுகடத்தக் காரணமாகலாம். அவர் எச்-1பி போனால் உங்கள் எச்-4-உம் போகும். அதற்குப் பயந்து அடியை வாங்கிக்கொண்டு இருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். உங்களுக்கென்று தனி வழியை முன்கூட்டியே தொடங்கி வையுங்கள் என்றுதான் சொல்வேன்.

உங்களுக்கு எந்த வழி, எது இல்லை

கன்சல்டன்ட் சொன்ன வாவா, 1994-ல் வந்த பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டம். கணவரின் தயவு இல்லாமல் மனைவியே ஐ-360 என்ற குடியேற்ற மனுவைப் போட்டுக்கொள்ளும் அருமையான ஏற்பாடு. ஆனால் அடிப்பவர் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும். உங்கள் கணவர் எச்-1பி, ஆக இன்றைக்கு அது உங்களுக்குக் கிடையாது. மேலும் ஐ-360-க்கு அரசுக் கட்டணமே இல்லை. ஐயாயிரம் டாலரை ஒருவர் எதற்குக் கேட்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். குடியேற்ற வழக்கில் ஆலோசனை சொல்ல வழக்கறிஞருக்கோ, நீதித் துறை அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிக்கோதான் உரிமை. தகுதியில்லாத விண்ணப்பத்தைப் போட்டு அது தள்ளுபடியாகி, அப்போது உங்களிடம் செல்லுபடியாகும் விசா நிலையும் இல்லை என்றால், குடியேற்ற நீதிமன்றத்துக்கு நோட்டீஸ் வரலாம். 2025 பிப்ரவரிக்குப் பிறகு இதில் கெடுபிடி அதிகம்.

உங்களுக்குப் பொருந்தக்கூடியவை இரண்டு. ஒன்று, வேலை அனுமதி. எச் விசாக்காரரின் மனைவி கணவரிடம் வன்கொடுமை அனுபவித்திருந்தால் ஐ-765வி என்ற தனிப் படிவத்தில் அவராகவே வேலை அனுமதி கேட்கலாம், கணவர் கையெழுத்து வேண்டாம். இந்த உரிமை சட்டத்தில் வந்தது 2006-ல், படிவம் வந்தது 2017-ல்தான், அதனால் பல வழக்கறிஞர்களுக்கே இது சட்டென்று நினைவுக்கு வராது, நீங்கள் பெயர் சொல்லிக் கேளுங்கள். இது வேலை செய்யும் உரிமை மட்டும்தான், தங்கும் உரிமையை நீட்டிக்காது. கணவரின் எச்-1பி ஒப்புதல் கடிதம் கண்ணில் பட்டால், ஆபத்தில்லாமல் முடிந்தால், படம் எடுத்துப் பத்திரமான இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். அவருக்கு ஐ-140 ஒப்புதல் ஆகியிருப்பதால், 2015 முதல் இருக்கும் சாதாரண எச்-4 வேலை அனுமதிக்கும் நீங்கள் தகுதியானவர்தான். "எச்-4-ல் வேலை பார்க்க முடியாது" என்று ஆறு வருடமாக உங்களிடம் சொல்லிவந்தது பொய்.

இரண்டாவது, யு விசா. அடித்தவருக்கு என்ன விசா என்பதே இதில் கேள்வி இல்லை. குடும்ப வன்முறை போன்ற குற்றத்தில் பாதிக்கப்பட்டு, விசாரணைக்கு ஒத்துழைத்தவர் கேட்கலாம். அதற்குப் போலீஸோ அரசு வழக்கறிஞரோ நீதிபதியோ ஒரு சான்றில் கையெழுத்துப் போட வேண்டும், அக்டோபர் அறிக்கை இங்கேதான் உதவும். கைது நடந்திருக்க வேண்டும், தண்டனை ஆகியிருக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. கலிஃபோர்னியாவில் சான்று கேட்டால் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் வருடத்துக்கு 10,000 பேருக்குத்தான் யு விசா, வரிசையோ மிக நீளம், பல வருடம் ஆகும். காத்திருக்கும்போதே மனு உண்மையானது என்று முதற்கட்டமாகத் தெரிந்தால் வேலை அனுமதியும் தற்காலிகப் பாதுகாப்பும் தரும் முறை 2021-ல் வந்தது. யு விசாவோ வாவாவோ போட்டால் அந்தத் தகவலைக் கணவருக்குச் சொல்லக் கூடாது என்றும், அடித்தவர் கொடுக்கும் தகவலை மட்டும் வைத்து உங்கள்மேல் பாதகமான முடிவு எடுக்கக் கூடாது என்றும் 1996-ல் வந்த அமெரிக்க மத்தியச் சட்டமே இருக்கிறது. அவர் மெயில் அனுப்பட்டும்.

இங்கேதான் முன்பின் வரிசை வருகிறது. விவாகரத்து இறுதியாவதற்குள் கணவருக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டால் வாவா உங்களுக்கும் திறக்கும். அதற்கு முன்னாலேயே தீர்ப்பு இறுதியாகிவிட்டால் எச்-4-உம் போய்விடும், அந்தக் கதவும் மூடிவிடும். கலிஃபோர்னியாவில் மனு கணவர் கைக்குப் போய்ச் சேர்ந்து 6 மாதம் ஆகாமல் விவாகரத்து முடியாது, அந்தக் காலத்துக்குள் மாணவர் விசா போன்ற வேறு நிலைக்கு மாறலாமா என்பதையும் வழக்கறிஞரிடம் கேளுங்கள். பாதுகாப்பு ஆணை உடனே, விவாகரத்து மனு யோசித்து. அவருக்குக் கிரீன் கார்டு வரட்டும் என்று அந்த வீட்டிலேயே காத்திருக்க மட்டும் வேண்டாம், இந்தியர்களுக்கான அந்த வரிசை எவ்வளவு நீளம் என்பது உங்களுக்கே தெரியும். பிரிந்து இருந்தாலும் சட்டப்படி நீங்கள் மனைவிதான்.

இலவச சட்ட உதவி உங்களுக்கும்தான்

மத்திய அரசுப் பணத்தில் நடக்கும் சட்ட உதவி அலுவலகங்கள் பொதுவாகத் தற்காலிக விசாக்காரர்களுக்கு வழக்கு எடுப்பதில்லை, நீங்கள் கேள்விப்பட்டது அதுவரை சரி. ஆனால் குடும்ப வன்முறையில் பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்தத் தடை இல்லை, எந்த விசாவாக இருந்தாலும், விசாவே இல்லாவிட்டாலும். வருமானக் கணக்கிலும் அப்படித்தான், அடித்தவரின் சம்பளத்தையும் சொத்தையும் உங்கள் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அவர்கள் விதியிலேயே எழுதியிருக்கிறது. உங்கள் வருமானம் பூஜ்யம். போனை எடுப்பவர் "குடும்ப வருமானம் எவ்வளவு" என்று கேட்டால், முதல் வாக்கியமாக "நான் குடும்ப வன்முறையில் பாதிக்கப்பட்டவள், கணவர்தான் எதிர்த்தரப்பு" என்று சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் கணவரின் சம்பளத்தைச் சொல்லித் திரும்பி வந்தவர்கள் நிறைய.

ஒரு சொல் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் அட்வகேட் என்றால் வக்கீல். இங்கே குடும்ப வன்முறை அமைப்புகளில் அட்வகேட் என்பவர் வக்கீல் இல்லை, உங்களுக்குத் துணையாக நிற்பவர். பாதுகாப்பாக வெளியேறத் திட்டம் போடுவது, தங்க இடம் பார்ப்பது, படிவம் நிரப்பும்போதும் கோர்ட்டிலும் பக்கத்தில் உட்காருவது, சரியான வக்கீலிடம் சேர்ப்பது எல்லாம் அவர் வேலை. பயிற்சி பெற்ற குடும்ப வன்முறை ஆலோசகரிடம் நீங்கள் சொல்வதைக் கலிஃபோர்னியா சட்டம் ரகசியமாகக் காக்கிறது. சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 1991 முதல் மைத்ரியும், 1992 முதல் நாரிகாவும் தெற்காசியப் பெண்களுக்காகவே இந்த வேலையைச் செய்கின்றன. நான் என்றால் வக்கீலுக்கு முன்னால் இவர்களில் ஒருவரைத்தான் கூப்பிடுவேன்.

அவர்களைப் பார்ப்பதற்குள் உட்கார்ந்து எழுத ஆரம்பியுங்கள். முதல் அடி, மிக மோசமான அடி, கடைசி அடி, தேதி தெரியாவிட்டால் "மகளுக்கு முதல் பல் முளைத்த மாதம்" என்றுகூட எழுதலாம். இந்த வழக்குகளில் உங்கள் சொந்த வாக்குமூலம்தான் முதுகெலும்பு. டாக்டரிடம் போயிருந்தால் அந்தக் குறிப்பு, அம்மாவுக்கு அனுப்பிய வாட்ஸ்அப், எல்லாம் சேரும். அவர் கத்துவதை ரகசியமாகப் பதிவு செய்வது மட்டும் வக்கீலைக் கேட்காமல் வேண்டாம், கலிஃபோர்னியாவில் அனுமதியின்றி உரையாடலைப் பதிவு செய்வதற்குத் தடை இருக்கிறது, விதிவிலக்குகள் குறுகலானவை.

குழந்தையும், அம்மா சொன்னதும்

"அவள் அமெரிக்கக் குடிமகள், உன்னிடம் தரமாட்டார்கள்" என்று உங்களிடம் சொல்வது தவறு. தாயின் குடியேற்ற நிலையைக் காட்டிக் குழந்தையை மறுக்க முடியாது என்பது கலிஃபோர்னியா சட்டம். போன 5 வருடத்துக்குள் கணவர் குடும்ப வன்முறை செய்தார் என்று நீதிமன்றம் முடிவு செய்தால், அவரிடம் குழந்தையை ஒப்படைப்பது குழந்தைக்கு நல்லதல்ல என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், மாற்றி நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு.

அம்மாவின் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சொல்லாமல் விமானம் ஏறினால் பாதிக்கப்பட்டவராக இருக்கும் நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவராக மாறும் அபாயம் இருக்கிறது. 1993-ல் வந்த அமெரிக்க மத்தியச் சட்டத்தில் இதற்கு 3 வருடம் வரை சிறை. வன்முறையிலிருந்து தப்பி ஓடினேன் என்று எதிர்வாதம் வைக்கலாம், ஆனால் அது வழக்கு வந்தபிறகு சொல்வது. ஊருக்கே போய் வாழ வேண்டும் என்பது உங்கள் முடிவானால், கோர்ட்டில் அனுமதி வாங்கிக்கொண்டு போகலாம்.

இந்தியாவில் தரக்கூடிய வரதட்சணைக் கொடுமைப் புகார் எங்கும் ஓடிவிடாது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 498ஏ பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆம் பிரிவு. மனைவி தஞ்சம் புகுந்த ஊரிலேயே புகார் தரலாம் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைப் பிறகு பார்க்கலாம். மாமியார் லாக்கரில் இருக்கும் நகைக்கு இப்போது செய்யக்கூடியது, கல்யாண ஆல்பத்தையும் நகைக்கடை பில்லையும் அம்மாவைப் படம் எடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்வதுதான்.

இனி போன். தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233, இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு. நூலகத்திலிருந்தோ, நீங்கள் நம்புவதாக எழுதியிருக்கும் அந்தப் பாலர் பள்ளி ஆசிரியையின் போனிலிருந்தோ கூப்பிடுங்கள். எடுப்பவர் ஆங்கிலத்தில்தான் பேசுவார். "டமில், ப்ளீஸ்" என்று மட்டும் சொல்லுங்கள். அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது, லைன் போய்விட்டது என்று தோன்றும். வைத்துவிடாதீர்கள், மொழிபெயர்ப்பாளரைத் தேடுகிறார்கள்.